சைனாவுக்கு டீ விக்கப் போன கதை

ஏற்றுமதிக்கு யோசனை சொல்ற வேலை எனக்கு, வாரத்துக்கு ஒரு போனாவது வந்துடும். "மேடம், சைனாவுல 140 கோடி பேர் இருக்காங்க, நூத்துல ஒருத்தர் நம்ம சரக்கை வாங்கினாக்கூடப் போதுமே"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. குன்னூர்ல இருந்து வரும், கூடலூர்ல இருந்து வரும், ஒருக்கா கொடைக்கானல்ல இருந்து ஒரு தம்பி மலைப்பூண்டு அனுப்பலாமான்னு கேட்டாரு. உலகத்துல விளையிற பூண்டுல முக்கால்வாசி சைனாவுலதான் தம்பி விளையுது, அங்க போய் நாம பூண்டு விக்கிறது ஊட்டி மார்க்கெட்டுக்கு வெளியூர்க் கேரட்டைக் கொண்டு வந்து விக்கிற மாதிரின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும், அதுக்குத்தான் இந்த வேலைக்கு ஒரு ஆள் வேணும்னு நான் நினைக்கிறேன். நீலகிரித் தைலம் அனுப்பணும்னு வர்றவங்களுக்கும் இதே பதில்தான். யூகலிப்டஸ் ஆயிலை உலகத்துலயே அதிகமா தயாரிச்சு வெளிய விக்கிறது சைனாதான்.

என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். நான் கோத்தகிரி பக்கம். எங்க அப்பாயி இலங்கையில நுவரெலியா பக்கத்துல ஒரு தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க, 1964ல போட்ட சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல கணக்கு முடிச்சு அனுப்பினவங்கள்ல எங்க குடும்பமும் ஒண்ணு, எழுபதுகள்ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் இருந்துட்டு இங்க டான்டீங்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாங்க. நான் காலேஜ் முடிச்சுட்டு குன்னூர்ல ஒரு ஏற்றுமதி கம்பெனியில டாக்குமெண்டேஷன்ல 11 வருஷம் இருந்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல்ல சரக்கு ஏத்தினதுக்கான பி.எல். டிராஃப்ட், சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின், செடி நோய் இல்லைங்கிற ஃபைட்டோ சர்டிபிகேட், இதுதான் காலையில இருந்து ராத்திரி வரைக்கும். அந்த வேலையில ஒரு விஷயம் தெரிஞ்சுது, நம்ம மலையில இருந்து போற டீ எங்க போய் யார் டம்ளர்ல விழுதுன்னு இங்க யாருக்குமே தெரியாது. ஏலத்துல லாட் நம்பர், சாக்குல கிரேடு, கொச்சியில கண்டெய்னர், அவ்வளவுதான். அதைத் தெரிஞ்சுக்கணும்னுதான் வேலையை விட்டுட்டு தனியா இந்த கன்சல்டன்ட் வேலைக்கு வந்தேன்.

என்கிட்ட வர்றவங்ககிட்ட ஃபீஸ் இவ்வளவுன்னு முதல்லயே ஒரு தொகை பேசிடுவேன். கமிஷன் வாங்க மாட்டேன். கமிஷன்னா ஆர்டர் எவ்வளவு பெருசோ அவ்வளவு எனக்கு லாபம், அப்ப வேண்டாம்னு சொல்ல வேண்டிய எடத்துல எனக்கு வாய் வராது. இதை ஆரம்பத்துல ஒரு பெரியவர்கிட்டதான் கத்துக்கிட்டேன், அவரைப் பத்தி கீழ வரேன்.

முதல்ல சைனாவுல என்ன டீ குடிக்கிறாங்கன்னு பாக்கணும். நம்ம நீலகிரியில பாதிக்கு மேல சி.டி.சி., குருணை குருணையா, பால் ஊத்திக் கொதிக்க வைக்கிறதுக்குன்னே செஞ்சது. அங்க வீட்டுலயும் ஆபீஸ்லயும் ஒரு கண்ணாடி டம்ளர்ல முழு இலையைப் போட்டு சுடுதண்ணி ஊத்தி, குடிக்கக் குடிக்க மறுபடி தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பாங்க. அந்த டம்ளர்ல நம்ம டஸ்ட் தூளைப் போட்டா கலங்கின ஆத்துத் தண்ணி மாதிரிதான் இருக்கும். மில்க் டீ கடைகளுக்கும் பிளெண்டிங்குக்கும் இந்தியா, இலங்கை, கென்யான்னு வெளிய இருந்து நிறைய வாங்குறாங்க, அது உண்மைதான், ஆனா அது டன் கணக்குல நடக்கிற வியாபாரம், கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கம்மியா யார் குடுக்கிறாங்களோ அவங்களுக்குப் போயிடும். சின்ன விவசாயி பச்சை இலைக்குக் கிலோ 15 ரூபாய், 20 ரூபாய்னு அல்லாடுற ஊர்ல, ஒரு கிலோ தூளுக்கு நாலு நாலரை கிலோ பச்சை இலை போற கணக்குல, அந்தப் போட்டியில யாருக்கு என்ன மிஞ்சும்?

அதனால நான் சைனாவுக்குன்னு கையில எடுக்கிறது ஆர்த்தடாக்ஸ், அதாவது குருணையாக்காம இலையைச் சுருட்டிச் செய்யற டீ, செய்றவங்களை மட்டும்தான். அதுலயும் சின்ன ஃபேக்டரிங்க.

அந்தப் பெரியவர் படுகர். கட்டபெட்டு தாண்டி அவங்க ஹட்டி, படுகர் ஊருக்கு அதுதான் பேரு. சொந்தமா 7 ஏக்கர், அதுல ஒரு சரிவு முழுக்க சி.ஆர். 6017. வாசனைக்குன்னு பேர் போன ரகம் அது. இலையை ஏஜென்ட்டுக்குப் போட்டுப் போட்டு வெறுத்துப் போய், பையனும் அவருமா சேர்ந்து ஒரு ஷெட் போட்டு, சைனாவுல இருந்து வந்த ஒரு சின்ன ரோலர், ஒரு ட்ரையர், வாட்டறதுக்கு மூங்கில் தட்டுன்னு ஆரம்பிச்சாங்க. "ஏம்மா, அவங்க மெஷினை வாங்கிட்டோம், அவங்களுக்கே டீ குடுக்க முடியாதா"ன்னு கேட்டாரு. அவரு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாரு, எனக்குத்தான் பதில் தெரியல.

தெரிஞ்சுக்கறதுக்காகத்தான் 2018 அக்டோபர்ல குவாங்சோ போனேன். கோயம்புத்தூர்ல இருந்து சிங்கப்பூர், அங்க இருந்து குவாங்சோ. 1957ல இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற கேன்டன் ஃபேர்ங்கிற பெரிய வியாபாரக் கண்காட்சி அப்ப நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஃபேர்ல கார்டு குடுத்துக் குடுத்துக் கைதான் வலிச்சுது. மூணாவது நாள் ஃபாங்சுன் டீ மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரே எடத்துல தெருத்தெருவா டீக்கடை, டீ குடிக்கிற கடை இல்ல, டீ விக்கிற கடை, ஆயிரக்கணக்குல. குன்னூர் ஏலத்தையே பெருசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவளுக்கு அங்க போய் நின்னப்ப பேச்சே வரல.

ஒரு கடையில ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், உக்காரச் சொல்லி நான் கொண்டு போன டீயைப் போட்டாங்க. நமக்கு டேஸ்ட்டிங்னா 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம், 6 நிமிஷம் ஊற வைக்கணும், உலகம் பூரா வெச்சிருக்கிற முறை அதுதான். அந்தம்மா மூடி போட்ட சின்னக் கிண்ணத்துல 5 கிராம் போட்டு, முதல் தண்ணியைக் கழுவிக் கீழ ஊத்திட்டு, அப்புறம் பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டுன்னு வடிச்சு வடிச்சுக் குடுத்தாங்க. முதல் தடவை தலையாட்டுனாங்க. ரெண்டாவது தடவையும் சரி. மூணாவதுல நிறுத்திட்டாங்க, ட்ரான்ஸ்லேட்டரா வந்த பொண்ணுகிட்ட என்னமோ சொன்னாங்க. "இந்த டீ எத்தனை தடவை வரும்"னு கேக்குறாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. இந்தக் கேள்வியை 11 வருஷ அனுபவத்துல ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல. நம்ம டீ முதல் ஊத்துலயே இருக்கறதை எல்லாம் இறக்கி வெச்சுடுது, ஏன்னா நாம ரோலர்ல போட்டு நல்லா அழுத்தி இலையை ஒடைச்சுடறோம். அவங்களுக்கு அழுத்தம் குறைவா சுருட்டின முழு இலை வேணும், கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுக்கணும்.

அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்க, "ஷீலான்?"னு. சிலோனான்னு கேக்குறாங்க. அங்க டீக்கடைக்காரங்களுக்கு சிலோன் டீ நல்லாத் தெரியும், இந்தியான்னா டார்ஜிலிங், அஸ்ஸாம் தெரியும், நீலகிரின்னா யாருக்கும் தெரியல. இல்லீங்க, எங்க அப்பாயிதான் ஷீலான், நான் நீலகிரின்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அதை எப்படி மொழிபெயர்த்துச்சோ தெரியல, அந்தம்மா எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க பாட்டியும் டீ மலையில இலை பறிச்சவங்களாம்.

அன்னிக்கு ராத்திரி ரூம்ல இருந்து பெரியவருக்குப் போன் போட்டு, ஐயா ரோலர்ல வெயிட்டைக் குறைங்க, நேரத்தைக் கூட்டிப் பாருங்கன்னு சொன்னேன். அந்த சீசன்ல நாலஞ்சு விதமாச் செஞ்சு பாத்தோம்.

பனி சீசன் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும். டிசம்பர் ஜனவரியில ராத்திரி இங்க பூஜ்யத்துக்குப் பக்கத்துல போயிடும். பள்ளத்துல இருக்கிற செடியில உறைபனி விழுந்தா இலை கருகிடும், அது நஷ்டம்தான், அதுக்கு ஒரு பெருமையும் இல்ல. ஆனா சரிவுல, பனி தங்காம வழிஞ்சு போற எடத்துல, குளிர் மட்டும் பட்டு, செடி மெதுவா மெதுவாத் துளிர் விடும். அந்தக் கொழுந்துல வர்ற டீக்கு ஒரு பூ வாசனை இருக்கும், மத்த மாசத்துல என்ன பண்ணாலும் வராது. சைனாவுல இதை விளக்கறது ரொம்ப சுலபமா இருந்துச்சு. அவங்க ஊர்ல ஏப்ரல் தொடக்கத்துல முன்னோர்களுக்குக் கும்பிடுற சிங்மிங் நாள் வருது, அதுக்கு முன்னாடி பறிச்ச டீன்னா தனி மரியாதை, தனி விலை. எங்க ஊர்ல அதே மாதிரி தைப் பொங்கலை ஒட்டிப் பறிக்கிறதுன்னு சொன்னா சட்டுனு புரிஞ்சுடுது.

2019 ஜனவரியில அந்தச் சரிவுல செஞ்ச சாம்பிள் ஃபாங்சுன் அம்மாவுக்குப் போச்சு. ஆறு தடவை வந்துச்சுன்னு பதில் வந்துச்சு. 300 கிலோ ஆர்டர். பெரியவர் வீட்டுல அன்னிக்கு எனக்குச் சாப்பாடு போடாம விடல.

இப்ப என் தப்பு. சீசன் முடிஞ்சப்ப அந்தச் சரிவுல இருந்து 180 கிலோதான் ஆச்சு. பெரியவர் கேட்டாரு, "120 கிலோதானம்மா குறையுது, பக்கத்துல தம்பி தோட்டத்து இலையும் இதே பனிதானே, சேர்த்துடலாமா?" நான் "பாக்கலாங்கய்யா"ன்னு சொன்னேன்.

நம்ம ஊர்ல பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், பாதி நேரம் அது இல்லைங்கிறதுக்கு மரியாதையான பேரு. சைனாவுலயும் அப்படியே ஒரு வார்த்தை இருக்கு, 'ட்சாய் கான் கான்', இன்னொருக்கா பாக்கலாம்னு அர்த்தம், வியாபாரத்துல அதைக் கேட்டா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான். நான் வேண்டாம்னு நினைச்சுத்தான் பாக்கலாம்னு சொன்னேன். பெரியவர் சரின்னு எடுத்துக்கிட்டாரு. நான் திரும்பப் போய்க் கேட்டிருக்கணும். கேக்கல. ஏன் கேக்கலன்னா, உள்ளுக்குள்ள எனக்கும் 300 கிலோ போகணும்னு ஆசை. அதுதான் உண்மை. அந்த ஆர்டருக்கு மட்டும் நான் கமிஷன் பேசியிருந்தேன்.

சரக்கு மேட்டுப்பாளையம் வழியா லாரியில எறங்கி, கொச்சியில எல்.சி.எல்.ல போச்சு. எல்.சி.எல்.னா ஒரே கண்டெய்னர்ல பத்துப் பேரு சரக்கு இருக்கும், டீ பக்கத்துல இருக்கறதோட வாசனையை எல்லாம் இழுத்துக்கும், அதனால அலுமினியம் பாய்ல் பையில போட்டு சீல் பண்ணித்தான் அனுப்பணும், அதெல்லாம் நான் சரியாத்தான் செஞ்சேன். மூணு வாரத்துக்கு மேல ஆச்சு போய்ச் சேர. சேர்ந்த ரெண்டாவது நாள் ஒரு போட்டோ வந்துச்சு. வெள்ளைத் தட்டுல வடிச்ச இலையை ஒவ்வொண்ணா விரிச்சு வெச்சிருந்தாங்க. பாதி இலை செம்பு நிறத்துல முழுசா, பாதி இலை மங்கலா ஒடைஞ்சு. கீழ ஒரே ஒரு வரி, "இது ரெண்டு மலை."

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. பணம் பேசி, அந்த 120 கிலோவுக்குப் பாதி விலைன்னு முடிஞ்சுது. பெரியவர்கிட்ட போய் என்மேல தப்புன்னு சொல்லி, நான் வாங்கின கமிஷனைத் திருப்பிக் குடுத்தேன். அவரு வாங்க மாட்டேன்னாரு, டேபிள்ல வெச்சுட்டு வந்தேன். அவரு ஒண்ணு மட்டும் சொன்னாரு, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேம்மா."

இது நடந்து கொஞ்ச மாசத்துல, அக்டோபர் 2019, மாமல்லபுரத்துல மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்திச்சாங்க. அந்த வாரம் எனக்கு வந்த போன் கணக்கே இல்ல, எல்லாருக்கும் சைனா வேணும். அடுத்த வருஷம் கொரோனா, அப்புறம் எல்லையில நடந்தது, 2020 ஜூன் 29ந்தேதி 59 ஆப்பைத் தடை பண்ணாங்க, அதுல வீசாட்டும் ஒண்ணு. சைனா வியாபாரமே வீசாட்லதான் நடக்குது, ஆர்டர், போட்டோ, சண்டை, சமாதானம் எல்லாமே. அங்கயோ வாட்ஸப் ஓடாது. ரெண்டு பக்கமும் கதவைச் சாத்துனதுக்கு அப்புறம் எங்களுக்கு மிஞ்சினது ஈமெயில் மட்டும்தான், அதையும் அந்தம்மா பாக்க மாட்டாங்க, அவங்க பொண்ணு வாரத்துக்கு ஒருக்கா பாத்துப் படிச்சுச் சொல்லும். நேரா ஃபிளைட்டும் அப்ப நின்னதுதான், 2025 அக்டோபர்லதான் திரும்ப விட்டாங்க. இந்த இடைப்பட்ட வருஷங்கள்ல நிறைய பேரு சைனா ஃபைலை மூடிட்டாங்க, நான் அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

இப்ப போறவங்களுக்கு நடைமுறையைச் சொல்றேன், இதுதான் பலபேர் தடுக்கி விழுற எடம். 2022 ஜனவரி 1ல இருந்து சைனா கஸ்டம்ஸ்ல 248ம் நம்பர் ஆணை நடைமுறைக்கு வந்துச்சு. சாப்பிடுற பொருள், குடிக்கிற பொருள் எதுவா இருந்தாலும் அதைச் செய்யற ஃபேக்டரி அவங்ககிட்ட பதிவாகி நம்பர் வாங்கியிருக்கணும். ஃபேக்டரிங்கிறதைக் கவனிங்க. ஏலத்துல பத்து ஃபேக்டரி டீயை வாங்கி அனுப்புற மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் தன் கம்பெனியைப் பதிவு பண்ணிட்டு வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்தா ஆகாது, அந்தப் பத்து ஃபேக்டரியும் பதிவாகியிருக்கணும், எக்ஸ்போர்ட்டர் தன் பேரைத் தனியா ஃபைல் பண்ணணும். டீக்கு ஃபேக்டரிக்காரங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம். ஆனா கூடலூர் மிளகு, வறுக்காத காப்பிக்கொட்டை, தேன், இதெல்லாம் 18 வகைன்னு அந்த ஆணையில ஒரு பட்டியல் வெச்சாங்க, அதுல வந்துச்சு, அதுக்கு நம்ம அரசாங்கம் பரிந்துரை பண்ணித்தான் போக வேண்டியிருந்துச்சு, நாள் ஆச்சு. வறுத்த காப்பி அந்தப் பட்டியல்ல இல்லாம இருந்துச்சு, இது தெரியாம ஆறு மாசம் காத்துக்கிட்டு இருந்த ஒருத்தரை எனக்குத் தெரியும். நம்பர் வந்ததும் உள் பாக்கெட்லயும் வெளிப் பெட்டியிலயும் அடிக்கணும். விதி மாறிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு சரக்குக்கு முன்னாடியும் வாங்குறவங்ககிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

மருந்து விஷயத்துல இன்னும் கண்டிப்பு. ஜி.பி. 2763ன்னு அவங்க தர அளவு, எந்தப் பூச்சிமருந்து எந்தப் பொருள்ல எவ்வளவு இருக்கலாம்னு ஒவ்வொண்ணுக்கும் போட்டிருக்கும். சொந்தத் தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கு இது கஷ்டமே இல்ல. இலை வாங்கிச் செய்யற ஃபேக்டரிக்குத்தான் கஷ்டம், இருநூறு பேரு இலை வாட்டுறதுக்குன்னு ஒரே ட்ரஃப் தொட்டியில விழுது, எவரோ ஒருத்தர் போன வாரம் அடிச்ச மருந்து மொத்த லாட்லயும் ஏறிடும். அந்த ஃபேக்டரிங்ககிட்ட நான் சொல்றது, பத்து விவசாயியைத் தேர்ந்தெடுங்க, அவங்களுக்கு ரெண்டு ரூபாய் கூடக் குடுங்க, அவங்க இலையைத் தனியா வாட்டுங்க. கேக்கறவங்க கம்மி.

லேபிள் கதை ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல நாம ப்ளாக் டீன்னு சொல்றதுக்கு அவங்க பேரு ஹோங்சா, சிவப்பு டீ. தண்ணியோட நிறத்தைப் பாத்து வெச்ச பேரு. கறுப்பு டீ, ஹெய்சான்னு அவங்ககிட்ட வேற ஒண்ணு இருக்கு, மாசக்கணக்குல வருஷக்கணக்குல புளிக்க வைக்கிற வேற ஜாதி டீ அது. குன்னூர்ல ஒரு கிளையன்ட், அவங்க சொந்தக்காரப் பையன் சைனாவுல மருத்துவம் படிச்சவன், அவனை வெச்சு லேபிள் எழுதுனாங்க. கறுப்புன்னா ஹெய், டீன்னா சா, சேர்த்து எழுதிட்டான். நான் எழுத்து உயரம் 1.8 மில்லிமீட்டர் இருக்கா, தேதி வருஷம் மாசம் நாள்னு வரிசையா இருக்கா, அங்க வாங்குற ஏஜென்ட் அட்ரஸ் இருக்கான்னு எல்லாம் பாத்தேன், பேரைப் படிக்கச் சொல்லி ஒரு சீனாக்காரங்ககிட்ட காட்டல. 4,000 பவுச் அடிச்சாச்சு. நல்லவேளை, கப்பல் ஏறதுக்கு முன்னாடி வாங்குறவங்க போட்டோ கேட்டாங்க, கண்டுபிடிச்சுட்டாங்க. சரியான பேர்ல ஸ்டிக்கர் அடிச்சு, சார்ட்டிங்ல, அதாவது டீயைத் தரம் பிரிக்கிற எடத்துல, வேலை செய்யற அக்காங்க எல்லாரும் ரெண்டு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா ஒட்டுனாங்க. அதுக்கப்புறம் சைனாவுல பொறந்து வளர்ந்த ரெண்டு பேரு படிக்காம என் கையில இருந்து ஒரு லேபிளும் பிரஸ்ஸுக்குப் போறதில்ல.

பேருன்னா இன்னொண்ணு. நீலகிரிங்கிறதை நீல மலைன்னு அழகா மொழிபெயர்த்து வெப்போம்னு பலபேருக்கு ஆசை. சீனத்துல நீல மலைன்னா லான்ஷான், லான்ஷான்னா அங்க எல்லாருக்கும் ஜமைக்கா ப்ளூ மவுண்டன் காப்பிதான் ஞாபகம் வரும். அதனால நாங்க ஒலியை வெச்சே 'நி அர் ஜி லி'ன்னு எழுதறோம், அதுல அந்த 'ஜி'க்கு மங்களம்னு அர்த்தம் வர்ற எழுத்து அமைஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. எந்தப் பேரை வெச்சாலும் சாம்பிள் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஊர்லயே ட்ரேட்மார்க் போட்டுடுங்க, டீன்னா 30வது கிளாஸ். அங்க யார் முதல்ல விண்ணப்பிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பேரு, இங்க முப்பது வருஷமா நடத்துறோம்னு சொன்னா நிக்கிறது கஷ்டம். வெளிநாட்டு ட்ரேட்மார்க்குக்கு உள்நாட்டுலயே விண்ணப்பிக்க விடுற மேட்ரிட் ஒப்பந்தத்துல இந்தியா 2013ல சேர்ந்துடுச்சு, இங்க இருந்துக்கிட்டே போடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஃபேர்ல கார்டு குடுத்துட்டு வந்த நாலு மாசத்துல அவரு தோட்டத்துப் பேரை அங்க எவரோ பதிஞ்சுட்டாங்க, தன் பேர்லயே தன் டீயை விக்க முடியாம வேற பேரு தேடினாரு.

பணம் பத்திச் சுருக்கமா: சின்ன ஆர்டருக்கு எல்.சி., அதாவது பேங்க் குடுக்கிற பண உத்தரவாதம், வேண்டாம், பேங்க் சார்ஜே தின்னுடும். 30 சதவீதம் முன்பணம், மீதி பி.எல். காப்பி காட்டினதும். பேங்க்ல பணம் அனுப்பினதுக்கான ஸ்விஃப்ட் காப்பி வந்துச்சுன்னு நம்பாதீங்க, அக்கவுண்ட்ல விழணும். வாங்குறவரைப் பத்தி ஏற்றுமதிப் பணத்துக்குக் காப்பீடு குடுக்கிற ஈ.சி.ஜி.சி.ல விசாரிக்கலாம். பெரிய ஆர்டர் குடுக்கிறோம், நேர்ல வந்து கையெழுத்துப் போடுங்க, நோட்டரி செலவுக்கும் விருந்துக்கும் நீங்க கொண்டு வாங்கன்னு யாராவது சொன்னா போகாதீங்க. கூடலூர் பக்கம் ஒருத்தர் போயிட்டு ரெண்டு லட்சத்தை விட்டுட்டு வந்தாரு, இன்னிக்கும் வீட்டுல சொல்லல.

இந்த வேலையில இருந்துக்கிட்டு நான் அடிக்கடி யோசிக்கிறது ஒண்ணு. தேயிலைங்கிற வார்த்தையில இருக்கிற தே, சைனாவுல ஃபூஜியன் கடற்கரைப் பேச்சுல டீக்கு இருக்கிற பேரு, கப்பல் வழியா ஊர் ஊரா சுத்தி நம்மகிட்ட வந்துச்சு. கூடலூர்ல இறங்கினா சாயான்னு கேப்பாங்க, அதுல இருக்கிற 'சா'ங்கிற வார்த்தையும் சீனம்தான். ஒரே மாவட்டத்துல ரெண்டும் இருக்கு. அதே ஃபூஜியன்ல சுவான்ஜோங்கிற துறைமுகத்துல 1281ல தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டி, தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு வெச்சிருக்காங்க. 1835ல கேத்தி பண்ணையில முதல்ல நட்டுப் பாத்ததும் சைனா விதையில வந்த செடிதான். நடுவட்டத்துல அடைச்சு வெச்சிருந்த சீனக் கைதிங்கதான் இங்க டீ பக்குவம் சொல்லிக் குடுத்தாங்கன்னு எங்க பக்கம் இன்னிக்கும் சொல்லுவாங்க. இதையெல்லாம் எழுதி ஃபாங்சுன் அம்மாவுக்கு அனுப்பினேன், அவங்க அதைக் கடைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்கன்னு பொண்ணு போட்டோ அனுப்புச்சு. நாம தெரியாத ஊருக்கு டீ அனுப்பலை, விதை குடுத்தவங்களுக்கு விளைஞ்சதைக் காட்டுறோம்னு எனக்குத் தோணும், அதனாலதான் கலந்து அனுப்புனது இன்னிக்கும் உறுத்துது.

அந்தம்மா ரெண்டு வருஷம் பெரியவர்கிட்ட வாங்கவே இல்ல. ஒவ்வொரு ஜனவரியும் நாங்க 100 கிராம் சாம்பிள் மட்டும் அனுப்புவோம், கூடவே எந்தச் சரிவு, எந்தத் தேதி பறிச்சது, மொத்தம் எத்தனை கிலோ ஆச்சுன்னு ஒரு சீட்டு. விலை எழுத மாட்டோம். மூணாவது வருஷம் 40 கிலோ கேட்டாங்க. அப்புறம் 90. பெரியவரு ஃபேக்டரியும் பதிவாகி நம்பர் வந்தாச்சு, அந்த நம்பரை ஷெட் கதவுல பெயின்ட்ல எழுதி வெச்சிருக்காரு.

இந்த ஜனவரியில பனி ஜாஸ்தி, சரிவுலயே கீழ்ப்பாதி கருகிடுச்சு. அந்தம்மா மெயில் வந்துச்சு, 200 கிலோ வேணும், ஷாங்காய்ல ஒரு புதுக் கடைக்கும் சேர்த்து, விலையும் போன வருஷத்தை விடக் கூடப் போட்டிருந்தாங்க. நான் பிரின்ட் எடுத்துக்கிட்டு ஹட்டிக்குப் போனேன். பெரியவரு வெயில்ல உக்காந்திருந்தாரு, பையன் படிச்சுக் காமிச்சான். தம்பி தோட்டத்துல இந்த வருஷம் நல்ல இலை இருக்கு, அது எங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசல. அவரு எழுந்து ஷெட்டுக்குள்ள போய் மூட்டையை எண்ணிட்டு வந்தாரு.

"60தான் இருக்குன்னு எழுதும்மா. தம்பி தோட்டத்துது வேணும்னா அது வேற டீ, அதுக்குத் தனியா சாம்பிள் அனுப்பறோம்னு எழுது."

அங்கயே போன்ல டைப் பண்ணி அனுப்பினேன். பதில் வர மூணு நாள் ஆச்சு. 60ஐ அனுப்புங்க, இன்னொண்ணு சாம்பிள் 100 கிராம் அனுப்புங்க, ரெண்டையும் ஒரே பெட்டியில வெக்காதீங்கன்னு எழுதியிருந்தாங்க.